ஒளிவாளில் புள்ளிகள் கரைவது எப்படி?

“எல்இடி ஸ்ட்ரிப்பைக் குழாய்க்குள் விட்டு, ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில் வருவதுபோல் ஒளிவாள் செய்தேன். நன்றாக எரிகிறது, ஆனால் வாள் மாதிரி இல்லை. மணி கோத்ததுபோல் புள்ளி புள்ளியாகத் தெரிகிறது. எல்இடிகளின் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டுமா?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

கூட்ட வேண்டாம். மீட்டருக்கு 144 எல்இடி உள்ள ஸ்ட்ரிப் தாராளம். விளக்குக்கும் கண்ணுக்கும் நடுவில் உள்ள இடத்தைத்தான் சரிசெய்ய வேண்டும்.

முதலில் பாகங்கள். 80 செ.மீ. வாளுக்கு, வெளி விட்டம் 25 மி.மீ., உள் விட்டம் 21 மி.மீ. உள்ள பாலிகார்பனேட் குழாய். அக்ரிலிக் வேண்டாம், மோதினால் கூரிய சில்லுகளாக உடையும். உள்ளே டபிள்யூஎஸ்2812பி வகை (ஒவ்வொரு எல்இடியையும் தனித்தனியாக இயக்கக்கூடிய) ஸ்ட்ரிப் இரண்டு, முதுகோடு முதுகு ஒட்டி, ஒவ்வொன்றிலும் 115 எல்இடி. கைப்பிடிக்குள் நிரலை இயக்கும் சிறு பலகையான அர்டுயினோ நானோ, தொடராக இணைத்த இரண்டு 18650 லித்தியம் செல்கள், அவற்றுக்கான பாதுகாப்புப் பலகை, 5 வோல்ட்டுக்கு இறக்கும் பக் கன்வெர்ட்டர், எம்பியு6050 அசைவு உணரி. இரண்டு ஸ்ட்ரிப்பின் டேட்டா கம்பிகளையும் ஒன்றாக இணைத்துவிட்டால், நிரலுக்கு மொத்தம் 115 எல்இடி மட்டுமே.

இனி, புள்ளிகளைக் கரைக்கும் நுரைத்தாள். கண்ணாடிப் பொருட்களைச் சுற்றி வரும் மெல்லிய வெள்ளைத் தாளைத்தான் சொல்கிறேன். அது வெள்ளையாகத் தெரிய வெள்ளைச் சாயம் தேவையில்லை. அது பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்கால் ஆன காற்றுக் குமிழ்களின் அடுக்கு. மெல்லிய பாலிஎத்திலீன் படலம் ஏறக்குறைய நிறமற்றது. குமிழுக்குள் இருக்கும் காற்றுக்கும் நிறம் இல்லை. நிறமில்லாத இரண்டு சேர்ந்தால் வெண்மை எங்கிருந்து வருகிறது?

இரண்டும் சந்திக்கும் எல்லையிலிருந்து. பாலிஎத்திலீனின் ஒளிவிலகல் எண் சுமார் 1.5, காற்றுக்கு 1. இப்படி ஒரு எல்லையை நேராகத் தாண்டும்போதே ஒளியில் ஏறக்குறைய 4 சதவீதம் திரும்பிவிடுகிறது. சாய்வாக வந்தால் இன்னும் அதிகம் திரும்பும். மீதி வளைந்து செல்லும். ஒரு குமிழ்ச் சுவருக்கு இரண்டு முகம். அடுத்தடுத்துப் பல குமிழ்களைக் கடந்த கதிருக்குத் தான் எந்த எல்இடியிலிருந்து கிளம்பியது என்பதற்கான தடயமே மிஞ்சாது. எல்லா நிறங்களும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி சிதறுவதால் கண்ணுக்கு வெண்மை. பொடித்த கண்ணாடியும், சோப்பு நுரையும், மேகமும் வெளுப்பது இதே காரணத்தால்தான்.

இதில் மிக அழகான விஷயம், நுரை ஒளியைத் திருப்புகிறதே தவிர அதிகம் விழுங்குவதில்லை. திரும்பிய ஒளி எதிர்ச் சுவரில் உள்ள நுரையில் பட்டு மறுபடி சிதறி, வேறு இடத்தில் வெளியேறுகிறது. குழாய் முழுவதும் ஒளி சுற்றித் திரியும் அறையாகிவிடுகிறது. ஆகவே ஸ்ட்ரிப்பின் பலகையும் வெள்ளையாக இருக்க வேண்டும். கறுப்புப் பலகை என்றால், ஒவ்வொரு சுற்றிலும் தன் பங்கை விழுங்கும்.

தூரமும் முக்கியம். எல்இடிகளுக்கு இடையே சுமார் 7 மி.மீ.; எல்இடிக்கும் நுரைக்கும் உள்ள தூரமும் ஏறக்குறைய அவ்வளவு இருந்தால்தான் பக்கத்துப் பக்கத்து ஒளிவட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும். 1 மி.மீ. தாளைக் குழாயின் உட்சுவரை ஒட்டி இரண்டு சுற்று வைத்தால் உள்ளே 17 மி.மீ. மிஞ்சும். ஸ்ட்ரிப் ஜோடியின் கனம் சுமார் 5 மி.மீ. போக, இருபுறமும் 6 மி.மீ. கிடைக்கிறது. நுரைத்தாளை ஸ்ட்ரிப்பின் மேலேயே இறுகச் சுற்றுவதுதான் பலரும் செய்யும் தவறு. தூரம் பூஜ்யமாகிப் புள்ளிகள் திரும்ப வந்துவிடும். ஒரே சுற்று போட்டால் ஸ்ட்ரிப்பின் இரு விளிம்புப் பக்கமும் நீளவாக்கில் மங்கலான கோடு தெரியும். எல்இடியின் ஒளி பக்கவாட்டில் அதிகம் போவதில்லை.

அடுத்து மின்சாரம். ஒரு எல்இடி முழு வெள்ளைக்கு 60 மில்லிஆம்பியர் வரை இழுக்கும். 230 எல்இடிக்கு 13.8 ஆம்பியர், கைப்பிடிக்குள் அடங்காத கணக்கு. நீலம் மட்டும் என்றால் 4.6 ஆம்பியர். எல்இடிகளை இயக்கும் ஆயத்த நிரல் தொகுப்பான ஃபாஸ்ட்எல்இடி நூலகத்தில் உச்ச வரம்பு வைக்கும் வசதி உண்டு; மொத்தம் 4 ஆம்பியரில் நிறுத்துங்கள். நிரலுக்குத் தெரிந்தது 115 எல்இடி மட்டுமே என்பதால், அதில் பாதியாக 2 ஆம்பியர் என்று கொடுக்க வேண்டும். மின்வழங்கலின் குறுக்கே 1000 மைக்ரோஃபாரட் மின்தேக்கி, டேட்டா கம்பியில் 330 ஓம் மின்தடை. இவற்றை விட்டால் முதல் எல்இடிதான் முதலில் சாகும்.

வெள்ளை நிறத்தில் எரியவிட்டு நுனியைப் பாருங்கள். மஞ்சளித்திருந்தால் அங்கே மின்னழுத்தம் விழுந்திருக்கிறது என்று பொருள். சிவப்புக்கு 2 வோல்ட் போதும், நீலத்துக்கு 3 வோல்ட்டுக்கு மேல் வேண்டும். எனவே நீலம் முதலில் தளர்கிறது. தடித்த செப்புக் கம்பி ஜோடி ஒன்றை நடுவில் ஓட்டி நுனியிலும் மின்சாரம் கொடுத்தால் சரியாகிவிடும். அந்த நீல எல்இடிக்காகத்தான் அகசாகி, அமானோ, நாகமுரா மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் கிடைத்தது. நீல ஒளி தரும் பொருளான, பலர் கைவிட்ட காலியம் நைட்ரைடை அவர்கள் ஆண்டுக்கணக்கில் விடாமல் பிடித்திருந்தார்கள். மூன்றே ஆண்டில் பலன் காட்டு என்று கேட்கும் நிதித் திட்டங்களால் இப்படிப்பட்ட வேலைக்கு இடம் தர முடியாது என்பது என் உறுதியான கருத்து.

நிரலுக்கு வருவோம். ஒரு எல்இடிக்குத் தகவல் அனுப்ப 30 மைக்ரோவினாடி, 115-க்கு 3.45 மில்லிவினாடி. வாள் நீளும்போது ஒவ்வொன்றாக ஏற்றினால் 0.4 வினாடி ஆகும், சோம்பலாகத் தெரியும். இரண்டிரண்டாக ஏற்றினால் 0.2 வினாடியில் பாய்ந்து நிற்கும்.

நிரலில் பிரகாசத்தை உச்ச மதிப்பான 255-இலிருந்து 128-க்குக் குறைத்தால் ஒளி பாதியாகும், ஆனால் கண்ணுக்கு முக்கால் பங்கு இருப்பதாகவே படும். பாதியாகத் தெரிய 56 கொடுக்க வேண்டும். இந்தக் காமா திருத்தம் இல்லாமல் மங்கவைத்தால் வெகுநேரம் எதுவும் மாறாததுபோல் இருந்து, கடைசியில் சட்டென்று அணையும்.

வாளின் ஒளி லேசாகத் துடிக்க வெறும் ரேண்டம் எண் கூடாது. கெட்டுப்போன டியூப்லைட் மாதிரி வெட்டும். 1980-களில் கென் பெர்லின் உருவாக்கிய இரைச்சல் முறையில் அடுத்தடுத்த மதிப்புகள் வழுக்கிக்கொண்டு மாறும். 10 முதல் 15 சதவீத ஏற்ற இறக்கம் போதும்.

வீச்சின்போது பிரகாசம் கூட வேண்டுமானால் எம்பியு6050-இன் அமைப்பை மாற்றியே ஆக வேண்டும். அது தொடக்கத்தில் வினாடிக்கு 250 டிகிரி சுழற்சி வரைதான் அளக்கும். சாதாரண மணிக்கட்டு வீச்சே அதைத் தாண்டுவதால், மெல்ல வீசினாலும் வேகமாக வீசினாலும் ஒரே எண்தான் வரும். 2000 டிகிரிக்கு மாற்றுங்கள். மோதலை அறிய, அதே உணரியில் உள்ள முடுக்கமானியையும் 2 ஜி-யிலிருந்து 16 ஜி-க்கு (ஜி என்பது புவியீர்ப்பு முடுக்கம்).

எல்லாம் முடிந்தபின் நுனி மட்டும் இருண்டிருந்தால், மூடிக்குள் வட்டமாக வெட்டிய அலுமினியத் தாளைப் பளபளப்புப் பக்கம் உள்நோக்கி வைத்து, அதன்மேல் நுரைத்தாள் ஒரு துண்டு ஒட்டுங்கள். தாள் ஸ்ட்ரிப்பின் முனைக் கம்பிகளைத் தொடாமல் இருக்கட்டும். தொட்டால் ஷார்ட் ஆகும்.