வெள்ளி வேர் பச்சையாகும் நேரம்

பினாங்கில் தண்ணீர்மலைப் பக்கம் போகும்போது சாலையோரத்துப் பெரிய மரங்களைக் கொஞ்சம் அண்ணாந்து பாருங்கள். கிளைகளில் புல் கொத்துப் போலத் தொங்கும் செடி கண்ணில் பட்டால், அது பெரும்பாலும் புறா ஆர்க்கிட்டாகத்தான் இருக்கும். திடீர் மழையில் காற்று சில டிகிரி குளிர்ந்தால் போதும், சுமார் 9 நாள் கழித்து வட்டாரத்திலுள்ள புறா ஆர்க்கிட்டெல்லாம் ஒரே காலையில் வெள்ளையாகப் பூத்துவிடும். ஒரு நாள் பூ, மறுநாள் வாடிவிடும். அதற்கு யாரும் உரம் போடுவதில்லை.

எங்கள் அடுக்குமாடி வீட்டுப் பால்கனியில் நிலைமை வேறு. மேல்மாடியின் தரையே எனக்குக் கூரை என்பதால் மழைத்துளி செடிகளைத் தொடுவதில்லை. பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் 25 ரிங்கிட் கொடுத்து வாங்கி வந்த ஃபலனாப்சிஸ் என்ற ஆர்க்கிட் இலை சுருங்கிக் கிடந்ததைப் பார்த்த எதிர்வீட்டு அக்கா, "தம்பி, உரத்தைக் கலக்கி இலைக்கு நல்லா அடிங்க. இலைதானே அதுக்கு வாய்" என்றார். கையில் ஸ்ப்ரே போத்தலையும் கொடுத்தார்.

அக்கா இருபது வருடமாக ஆர்க்கிட் வளர்க்கிறவர். அவர் செடிகள் பூக்கின்றன, என்னுடையவை பூப்பதில்லை. ஆனாலும் அந்த வாய் விஷயத்தில் அவர் சொன்னது பாதிதான் சரி.

இலையின் மேல் மெழுகு கலந்த தோல் ஒன்று இருக்கிறது. உள்ளே இருக்கும் நீர் ஆவியாகிப் போகாமல் காப்பது அதன் வேலை. உள்ளிருந்து நீர் வெளியே போவதைத் தடுக்கும் சுவர், வெளியிலிருந்து உள்ளே வருவதையும் தடுக்கத்தானே செய்யும்? மரக்கிளையில், மண் இல்லாமல் வாழப் பழகிய ஆர்க்கிட்டுகளில் பலவற்றுக்கு இந்தத் தோல் தடிமன். தாமரை இலைத் தண்ணீர் அளவுக்கு இல்லாவிட்டாலும், பெரிய துளிகள் உருண்டு ஓடிவிடும். பனிப்புகை போல நுண்ணிய துளியாக அடித்தால் ஒட்டிக்கொள்ளும். ஆனால் சின்னத் துளி சீக்கிரம் காய்ந்தும் போகும். காய்ந்ததும் உரம் வெறும் உப்புப் படிகம், அதை இலையால் உறிஞ்ச முடியாது.

சரி, இலைத்துளைகள் வழியாகப் போகாதா? அவை பெரும்பாலும் இலையின் அடிப்பக்கத்தில் இருக்கின்றன. போதாததற்கு ஃபலனாப்சிஸ் போன்றவை கற்றாழை, அன்னாசி மாதிரி இரவில்தான் துளைகளைத் திறக்கும். பகல் வெயிலில் நீரை இழக்காமல் இருக்க அப்படி ஓர் ஏற்பாடு. திறந்திருந்தாலும் அவ்வளவு சின்னத் துளைக்குள் நீர் தானாகப் புகுவது கடினம், நீரின் மேற்பரப்பு இழுவிசை விடாது. ஆக, தெளித்த உரத்தில் கொஞ்சம் இலைத்தோலைக் கடந்து போகும். மின்னூட்டம் இல்லாத யூரியா மற்ற உப்புகளைவிடச் சற்று எளிதாகக் கடக்கும். அவ்வளவுதான்.

அப்படியானால் அக்காவின் செடிகள் எப்படிப் பூக்கின்றன? அவர் இலைக்கு என்று நினைத்து அடிப்பதில் பெரும்பங்கு, தொட்டிக்கு வெளியே நீண்டு தொங்கும் வேர்களில் விழுகிறது. அவரிடமுள்ள வாண்டா என்ற வகை ஆர்க்கிட்டுகளுக்குத் தொட்டியில் மண்ணும் இல்லை, கரியும் இல்லை. மரக்கூடை, அதிலிருந்து முழ நீளத்துக்குத் தொங்கும் வேர், அவ்வளவுதான். (வாண்டா என்ற பெயரே சமஸ்கிருதத்திலிருந்து போனது. மரத்தில் தொற்றி வளரும் செடிக்கு அங்கே அப்படிப் பெயர். தொற்றித்தான் வளரும், புல்லுருவி போல மரத்தின் சாற்றைத் திருடாது.)

அந்த வேரைக் கவனித்துப் பாருங்கள். காய்ந்திருக்கும்போது வெள்ளி பூசியது போல வெளிறி இருக்கும். தண்ணீர் தெளித்தால் சில நொடிகளில் பச்சையாக மாறும். நிறம் மாறும் அந்தப் பகுதிக்கு வெலாமென் என்று பெயர், லத்தீனில் போர்வை என்று பொருள். வேரைச் சுற்றிப் பல அடுக்காக இறந்துபோன செல்களால் ஆன பஞ்சு அது. உயிரில்லாத செல்லில் உள்ளடக்கம் எதுவும் கிடையாது, சுவர் மட்டும்தான். காய்ந்தபோது உள்ளே காற்று நிறைந்திருப்பதால் ஒளி சிதறி வெள்ளையாகத் தெரிகிறது. நீர் நிறைந்ததும் கண்ணாடி போலாகி, உள்ளே இருக்கும் உயிருள்ள திசுவின் பச்சையம் வெளியே தெரிகிறது. ஆமாம், இந்த வேர்களில் பச்சையம் உண்டு. இலையைப் போல ஒளிச்சேர்க்கையும் செய்யும். நனைந்த பிறகும் அங்கங்கே வெள்ளைக் கீற்றுகள் மிச்சம் இருப்பதைப் பார்க்கலாம். அவை நீர் புகாத இடங்கள். வேர் மூச்சு விடும் சன்னல்கள் அவை. மூழ்க மூழ்கத் தண்ணீர் ஊற்றினால் ஆர்க்கிட் வேர் அழுகுவது ஏன் என்பது அதைப் பார்த்தாலே புரியும்.

ஜெர்மனியைச் சேர்ந்த ஸோட்ஸ், விங்க்ளர் என்ற இரு ஆய்வாளர்கள் 2013ஆம் ஆண்டில் இந்தப் போர்வையைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். வெலாமென் நீரை நிரப்பிக்கொள்ளச் சில நொடிகள் போதும், ஆனால் காய்ந்துபோகப் பல மணி நேரம் ஆகும் என்று அதில் காட்டினார்கள். எனக்கு அதைவிடச் சுவையாகப் பட்டது வேறு. மின்னூட்டமுள்ள சத்துகளை அந்தச் செத்த செல்களின் சுவர் பிடித்து வைத்துக்கொள்கிறது, மின்னூட்டம் இல்லாதவை நழுவி வெளியே போய்விடுகின்றன. இலைத்தோலில் எளிதாகப் புகுந்த யூரியாவுக்கு இங்கே பிடிமானம் குறைவு! பிடித்து வைத்ததை உள்ளே இருக்கும் உயிருள்ள செல்கள் நிதானமாக உள்ளிழுக்கின்றன. அதுவும் கரைசல் மிக நீர்த்திருக்கும்போதுதான் அந்த உள்ளிழுக்கும் அமைப்பு திறமையாக வேலை செய்கிறது.

இதெல்லாம் எதற்கு ஏற்பட்டது என்பதற்கு மரத்தின் மேலேயே விடை இருக்கிறது. நாலு நாள் வெயிலில் இலையிலும் கிளையிலும் தூசி, பறவை எச்சம், மக்கிய சருகு எல்லாம் சேர்கின்றன. மழை தொடங்கிய முதல் சில நிமிடங்கள் அவற்றைக் கழுவிக்கொண்டு வழிகின்றன. அதற்கப்புறம் வருவது கிட்டத்தட்ட வெறும் தண்ணீர். அந்த முதல் வழிசலைப் பிடித்தவன் பிழைத்தான். காய்ந்த வேர் நொடியில் நிரம்பிக்கொள்வதன் பயன் அங்கேதான். புறா ஆர்க்கிட்டுக்கு உரம் கிடைப்பதும் அப்படித்தான்.

ஸ்ப்ரே போத்தலால் நாம் செய்வது அந்த முதல் நிமிட மழையின் நகல். இப்படிப் பார்த்தால் ஆர்க்கிட் வளர்ப்பவர்களுக்குள் ஓயாத ஒரு சண்டைக்கும் ஓரளவு தீர்ப்புக் கிடைக்கிறது: முதலில் வெறும் தண்ணீரா, முதலில் உரமா? போர்வை ஏற்கனவே தண்ணீரால் நிரம்பியிருந்தால் உரநீருக்கு இடம் குறைவு. ஆனால் உரம் கெட்டியாக இருந்தால் காய்ந்த வேர் கருகும், உப்பு வேரிலிருந்தே நீரை இழுத்துவிடும். எனவே கெட்டியாகக் கலக்குகிறவர் முதலில் தண்ணீர் விடட்டும். நான் நீர்க்கக் கலந்து, வெள்ளி நிற வேரிலேயே நேராக அடிக்கிறேன்.

நீர்க்க என்றால் எவ்வளவு? கடையில் 'பாஜா' (மலாயில் உரம்) என்று கேட்டால் கிடைக்கும் 20-20-20 தூளில் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து மூன்றுக்கும் தலா 20 விழுக்காடு என்று கணக்கு. ஒரு லிட்டரில் 1 கிராம் கரைத்தால் 200 மில்லிகிராம் தழைச்சத்து. எனக்கு அதில் பாதி போதும், அதாவது அரை கிராம். சமையலறைத் தராசு அரை கிராமை ஒழுங்காகக் காட்டாது. அதனால் 10 கிராமை ஒரு லிட்டரில் கரைத்து வைத்து, அதிலிருந்து 50 மில்லி எடுத்து ஒரு லிட்டராக்கிக்கொள்கிறேன். வாரம் ஒருமுறை, காலையில். வேர் முழுக்கப் பச்சையானதும் நிறுத்திவிடலாம், அதற்கு மேல் அடித்தால் தரைதான் குடிக்கும். மாதம் ஒருமுறை வெறும் தண்ணீரை ஓட ஓட ஊற்றிப் படிந்த உப்பைக் கழுவ வேண்டும். இதை மறந்தால் வேரிலும் தொட்டி விளிம்பிலும் வெள்ளைப் பொருக்கு கட்டும்.

மாலையில் அடிக்க வேண்டாம் என்பதை நான் ஒரு செடியைக் கொன்று கற்றுக்கொண்டேன். வேலை முடிந்து வந்து விளக்கைப் போட்டுக்கொண்டு ஃபலனாப்சிஸுக்கு அடித்தேன். இலைகள் சேரும் நடுக்குருத்தில் தேங்கிய நீர் இந்த ஊர் ஈரக்காற்றில் விடியும்வரை காயவில்லை. இரண்டு வாரத்தில் குருத்து கறுத்து, லேசாகத் தொட்டதும் கையோடு வந்துவிட்டது. குருத்தழுகல். ஒரே குருத்தில் மேல்நோக்கி வளரும் செடிக்கு அது போனால் பெரும்பாலும் எல்லாம் போச்சு. இப்போது தப்பித் தவறிக் குருத்தில் நீர் விழுந்தால் டிஷ்யூ தாளின் முனையைத் திரித்து ஒற்றி எடுத்துவிடுகிறேன்.

தொட்டிக்குக் கீழே தட்டு வைக்காதீர்கள். வழிந்த நீர் அதில் தேங்கினால் ஏடிஸ் கொசு முட்டை வைக்கும், டிங்கி சோதனைக்கு வருகிறவர்களிடம் ஆர்க்கிட் கதை சொல்லித் தப்ப முடியாது.

போன தைப்பூசத்தை ஒட்டி மழையே இல்லாத வாரங்களில் அக்கா கேட்டார், "இலைக்கு அடிக்கிறதில்லையா தம்பி?" வேரில் அடித்துக் காட்டினேன். வெள்ளி பச்சையாவதை நின்று பார்த்தார். "இத தெனம் பாக்குறேன், ஏன்னு கேட்டதில்ல" என்று சொல்லிவிட்டு, தன் வாண்டாவின் தொங்கும் வேர்களுக்கு அடித்தார். அப்புறம் பழக்கதோஷத்தில் இலைக்கும் ஒரு தெளி.