ஹோர்ட்: காசுப் புதையலா, காசு வைப்பா?

நாணயவியலில் 'ஹோர்ட்' (hoard) என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பொருள், யாரோ வேண்டுமென்றே ஒன்றுசேர்த்து ஓரிடத்தில் வைத்த காசுகள். வழியில் தவறி விழுந்த ஒற்றைக் காசு இதில் சேராது. பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்குச் செல்வம், கருவூலம் என்று பொருள். பழைய ஜெர்மானிய மொழியான கோத்திக்கின் 'ஹுஸ்த்' இதற்கு உறவுச் சொல்.

தமிழில் 'புதையல்' என்றே எழுதிவிடுகிறோம். நல்ல சொல்தான். ஆனால் எல்லாமே மண்ணுக்குள் கிடைப்பதில்லை. இத்தாலியின் பாந்தெல்லேரியா தீவை ஒட்டிய கடலடியில் 3,000க்கும் மேற்பட்ட பியூனிக் வெண்கலக் காசுகள் கிடைத்தன. ஒரு பக்கம் பெண் தெய்வத்தின் தலை, மறுபக்கம் குதிரைத் தலை. எல்லாம் ஒரே மாதிரி. சிறுகச் சிறுகச் சேர்த்த பணமாக இருந்தால் பலவகைக் காசுகள் கலந்திருக்கும். இது மொத்தமாக வந்த பணம் என்றே தோன்றுகிறது.

'பியூனிக்' என்பது வட ஆப்பிரிக்காவின் பழைய நகரமான கார்தேஜின் மக்களை ரோமர்கள் 'போயினி' என்று அழைத்ததிலிருந்து வந்தது. கார்தேஜ்காரர்களோ தங்கள் நகரத்தை 'கர்த் ஹதஷ்த்' என்றார்கள். நம் ஊர் வழக்கில் அது புதூர்! கி.மு. 5-ஆம் நூற்றாண்டின் கடைசியில், சிசிலித் தீவில் நடத்திய போர்களுக்காகத்தான் அவர்கள் காசு அடிக்கத் தொடங்கினார்கள். கூலிப்படைக்குச் சம்பளம் தர வேண்டுமே. சில வெள்ளிக் காசுகளில் 'பாசறை மக்கள்' என்றே பொறித்திருக்கிறார்கள்.

இந்தக் காசுகளில் ஆண்டு கிடையாது. சிசிலியின் கிரேக்கக் காசுகளோடு சேர்ந்து கிடைக்கும்போதுதான் காலத்தைக் கணிக்க வழி பிறக்கிறது. ஒரு தொகுதியில் மிகப் புதிய காசு எப்போது அடித்ததோ, அதற்கு முன்பு அந்தத் தொகுதியை யாரும் வைத்திருக்க முடியாது. அதனால்தான், கண்டெடுத்தவர்கள் காசுகளைப் பிரித்து விற்கும்போது மனம் பதறுகிறது. காசுகள் எங்காவது பிழைத்திருக்கும், அவை சேர்ந்து சொன்ன செய்தி போய்விடும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'பதுக்கல்' என்றால் கள்ளச்சந்தை நினைவுக்கு வரும். 'குவை' வெறும் குவியலைத்தான் காட்டுகிறது, வைத்தவரின் எண்ணம் அதில் இல்லை. எனக்குப் பிடித்தது 'வைப்பு'. செல்வத்தைச் சேமித்து வைக்கும் இடத்தைக் குறள் 226 'பொருள்வைப்புழி' என்கிறது. இன்று வங்கி வைப்புதான் முதலில் தோன்றும் என்பது உண்மை. 'காசு வைப்பு' என்று சேர்த்து எழுதினால் அந்தக் குழப்பம் குறையும். நிலத்தில் புதைத்ததை மட்டும் சொல்ல வேண்டுமானால் 'புதைவைப்பு' எனலாம்.