சொந்த ஒயினோடு சாப்பிடப் போகிறீர்களா? முதலில் ஒரு போன் போடுங்கள்

எங்கள் உணவகத்துக்கு வந்த ஒரு தம்பதிக்கு அன்று 25வது திருமண நாள். தேன்நிலவுக்கு பிரான்ஸ் போனபோது வாங்கிய சிவப்பு ஒயினைப் பூத்துவாலையில் சுற்றி எடுத்து வந்திருந்தார்கள். சிங்கப்பூர் வீட்டுச் சமையலறை அலமாரியில்தான் அத்தனை வருடமும் இருந்ததாம். மேல்தாளை உரித்தேன். கார்க் பாட்டிலின் வாயைத் தாண்டி ஒரு நெல்மணி உயரம் துருத்திக்கொண்டிருந்தது. ஓரத்தில் ஒயின் கசிந்து காய்ந்த பிசுக்கு. ஊற்றியதும் பழுப்பு நிறம், காய்ச்சி ஆறவைத்த பழச்சாற்றின் வாடை. சூட்டில் ஒயின் கெட்டுப்போயிருந்தது. அந்த அம்மா ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையை மெல்ல வைத்தார். எதுவும் சொல்லவில்லை. பாட்டில் திறக்கும் கட்டணத்தை நான் வாங்கவில்லை.

முன்கூட்டியே ஒரு போன் வந்திருந்தால், எங்கே வைத்திருந்தீர்கள் என்று கேட்டிருப்பேன். அதே ஊர் ஒயின் ஒன்றை மாற்றாக எடுத்தும் வைத்திருப்பேன். 14 வருடமாக இந்த ஊர் உணவகங்களில் ஒயின் பரிமாறுகிறேன். நம்மவர்களில் பலர் இப்போது நல்ல ஒயின் வாங்குகிறார்கள், ஆனால் அதை உயர்தர உணவகத்துக்கு எடுத்துப் போகலாமா என்று கேட்கக் கூச்சப்படுகிறார்கள். தாராளமாகக் கேளுங்கள், இங்கே அது சர்வசாதாரணம்.

நீங்கள் கொண்டுபோகும் பாட்டிலைத் திறந்து பரிமாற வாங்கும் பணத்துக்கு கார்க்கேஜ் என்று பெயர். மெல்லிய கண்ணாடிக் கோப்பைகள், அவற்றைக் கழுவித் துடைப்பது, ஐஸ் வாளி, பரிமாறுகிறவரின் நேரம் எல்லாம் அதில் அடக்கம். ஒரு பாட்டிலுக்கு 50 சிங்கப்பூர் வெள்ளி என்று சொல்லி, பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டிருந்தால் கவனியுங்கள். 10 விழுக்காடு சேவைக் கட்டணம், அதற்கு மேல் 9 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்ந்து கிட்டத்தட்ட 60 வெள்ளி ஆகிவிடும். கடையில் 30 வெள்ளிக்கு வாங்கிய ஒயினுக்கு இது கட்டுப்படியாகாது. பேசாமல் அங்கேயே ஒரு பாட்டில் வாங்கிவிடலாம். உணவகங்கள் கடை விலையைப் போல இரண்டு, மூன்று மடங்கு வைப்பது வழக்கம். அதனால் விலையுயர்ந்த ஒயினுக்கும், அந்த உணவகத்தில் கிடைக்காத ஒயினுக்கும்தான் கார்க்கேஜ் கொடுப்பதில் அர்த்தம் உண்டு.

எந்த இடம் மனமுவந்து வரவேற்கும்? இறைச்சி வாட்டித் தரும் ஸ்டேக் உணவகங்கள், பெரிய வட்ட மேசை போடும் சீன உணவகங்கள் பெரும்பாலும் முகம் சுளிக்காது. ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் ஒரு ஒயின் என்று தாங்களே சேர்த்து வைத்திருக்கும் இடங்கள் கொஞ்சம் தயங்கும். வாரத் தொடக்கத்தில் கூட்டம் குறைவு என்பதால் திங்கள், செவ்வாயில் கட்டணமே வாங்காத இடங்களும் உண்டு. "ஒன்றுக்கு ஒன்று" என்றும் ஒரு முறை இருக்கிறது. அவர்களிடம் ஒரு பாட்டில் வாங்கினால் உங்களுடைய ஒரு பாட்டிலுக்குக் கட்டணம் இல்லை. நாலைந்து பேர் போகும்போது எனக்குப் பிடித்த ஏற்பாடு இதுதான்.

போனில் கட்டணத்தை மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடாதீர்கள். எத்தனை பாட்டில் அனுமதி, மேக்னம் என்கிற ஒன்றரை லிட்டர் பாட்டிலை இரண்டாகக் கணக்கிடுவார்களா, விஸ்கிக்குத் தனிக் கட்டணமா என்பதையும் கேளுங்கள். ஒயினின் பெயரையும் வருடத்தையும் சொல்லுங்கள், அது அவர்கள் பட்டியலிலேயே இருந்தால் வேறொன்று கொண்டுபோவதுதான் மரியாதை. எதிர்முனையில் இருப்பவர் "பழைய ஒயினா? காலையிலேயே கொண்டுவந்து கொடுத்துவிடுங்கள், நிமிர்த்தி வைக்கிறோம்" என்று சொன்னால், கண்ணை மூடிக்கொண்டு அங்கே மேசை பதிவு செய்யுங்கள். பழைய ஒயினில் சேரும் வண்டல் அடியில் தங்கினால்தான் தெளிவாக ஊற்ற முடியும் என்பது தெரிந்த ஆள் அவர்.

இந்த ஊர் வெயிலை மறந்துவிடாதீர்கள். நிறுத்திவைத்த காருக்குள் ஒரு மதியம் கிடந்தாலே ஒயின் வெந்துவிடும். குளிர்ப்பையில் வைத்து, கடைசி நேரத்தில் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். போனதும் பரிமாறுகிறவருக்கும் ஒரு வாய் கொடுத்துப் பாருங்கள். எங்களுக்கு அதைவிடச் சந்தோஷம் வேறில்லை.

அப்புறம், மிச்சமிருந்தால் கார்க்கைத் திருப்பி அடைத்துத் தரச் சொல்லி வீட்டுக்கு எடுத்துப் போங்கள். இரவு 10.30க்கு மேல் பொது இடத்தில் குடிக்கக் கூடாது என்று 2015லிருந்து சட்டம் இருக்கிறது. ஆகவே அடுக்குமாடி புளோக் கீழே உட்கார்ந்து முடித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். 750 மில்லி பாட்டிலில் ஐந்து கோப்பை வரும். இருவர் பகிர்ந்தாலும் ஆளுக்கு இரண்டரை, அதன் பிறகு ஸ்டியரிங்கைத் தொடவே கூடாது. போகும்போதே டாக்சியில் போய்விடுங்கள்.