ஒரு மஞ்சப்பையும் ஆறு அலுவலகமும்

கம்பம் பள்ளத்தாக்கில் விடிவதற்கு முன்பே ஜீப்புகள் கிளம்பிவிடும். கேரளத்தின் இடுக்கி மாவட்டத்து ஏலக்காய்த் தோட்டங்களுக்கு வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு மலையேறி, பொழுது சாயும் நேரத்தில் திரும்ப இறக்கிவிடும். இந்தக் குடும்பங்களோடு பன்னிரண்டு வருடமாகச் சமூகப் பணியாளராக இருக்கிறேன். அரசுத் திட்டம் இல்லாமல் கஷ்டப்பட்ட குடும்பத்தை நான் பார்த்தது குறைவு. தனக்கான திட்டம் எந்த மேசையில் இருக்கிறது என்று தெரியாமல் நொந்துபோன குடும்பங்கள்தான் அதிகம்.

கணவரை இழந்த ஒரு தோட்டத் தொழிலாளியைச் சொல்கிறேன் (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்). எட்டாம் வகுப்புப் படிக்கும் மகள், பக்கவாதம் வந்து படுக்கையில் இருக்கும் மாமியார். ஒரு மஞ்சப்பை நிறைய ஜெராக்ஸ் காகிதங்களோடு வந்தார். "அங்கிட்டுப் போனா இங்கிட்டுப் போங்கறாக, இங்கிட்டு வந்தா அங்கிட்டுங்கறாகக்கா. நான் வேலைக்குப் போறதா, மனுக் கொடுக்கப் போறதா?" என்றார்.

அவர் கேட்டது நியாயம். அந்த வீட்டுக்கு வேண்டியதை வரிசையாக எழுதிப் பார்த்தேன். இறப்புச் சான்றுக்குப் பேரூராட்சி. வாரிசுச் சான்றுக்கும் வருமானச் சான்றுக்கும் விஏஓ (கிராம நிர்வாக அலுவலர்), ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்) வழியாகத் தாலுகா அலுவலகம். ரேஷன் கார்டில் பெயர் நீக்க வட்ட வழங்கல் பிரிவு. விதவை உதவித்தொகைக்குச் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர். மாமியாருக்கு மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். மகளுக்கு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு. ஆறு வாசல். எல்லாம் காலை பத்து மணிக்குத் திறக்கும், ஜீப் திரும்பி வருவதற்குள் மூடிவிடும். ஒவ்வொரு வாசலுக்கும் குறைந்தது ஒரு நாள் கூலி போகும். உதவித்தொகை மாதம் 1,200 ரூபாய்தான் (2023 ஆகஸ்டில்தான் ஆயிரத்திலிருந்து அந்த அளவுக்கு உயர்ந்தது). அதை வாங்குவதற்குள் இழக்கும் கூலியை யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

இதில் நானும் ஒரு தப்புச் செய்தேன். காகிதங்களைச் சரியாகப் பார்க்காமல் மூன்று விண்ணப்பங்களை ஒரே வாரத்தில் போட வைத்தேன். இறப்புச் சான்றில் கணவர் பெயரில் ஒரு எழுத்துக் குறைவு, ஆதாரில் தலைப்பெழுத்து வேறு. மூன்றும் திரும்பி வந்தன. மூன்று மாதம் வீண். அதற்கப்புறம், யார் வந்தாலும் முதல் நாள் விண்ணப்பம் எழுதுவதில்லை. ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம், பள்ளிச் சான்று எல்லாவற்றையும் தரையில் பரப்பிப் பெயர்களை ஒப்பிடுவதுதான் முதல் வேலை.

மகள் விஷயம் இன்னும் மோசம். அக்கம்பக்கத்தில் கேள்விப்பட்டு அன்புக் கரங்கள் திட்டத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தார். 2025 செப்டம்பரில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் மாதம் 2,000 ரூபாய். ஆனால் அது பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கானது. ஒருவரை இழந்திருந்தால், மற்றவர் பராமரிக்க முடியாத நிலையில் இருக்க வேண்டும். அம்மா உழைக்கிறார் என்பதால் தகுதி இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். விதி அப்படி, சரி. ஆனால் கணவரை இழந்த தாயின் பிள்ளைக்கு மிஷன் வாத்சல்யா என்ற ஒன்றிய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு என்று அங்கே யாரும் சொல்லவில்லை. கிராமத்தில் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய், நகரத்தில் 96,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். நிதி இருக்கும் அளவுக்குத்தான் கிடைக்கும், ஆனாலும் கேட்டால்தானே வரிசையில் நிற்க முடியும்? 'இது உங்களுக்கு இல்லை' என்று சொல்வதோடு ஒரு துறையின் வேலை முடிந்துவிடுகிறது. 'உங்களுக்கானது எது' என்று தேடிச் சொல்வது யாருடைய வேலை என்றுதான் தெரியவில்லை.

இந்தப் பெண்கள் தினமும் வேலைக்குப் போகும் மலைக்கு அந்தப் பக்கம் அதை ஒரு வேலையாகவே வைத்துப் பார்த்தார்கள். கேரள அரசு 2021-ல் அதிதீவிர வறுமை ஒழிப்புத் திட்டத்தை எடுத்தது. உணவு, உடல்நலம், வருமானம், தங்குமிடம் என்ற நான்கை வைத்து வார்டு வார்டாகத் தேடி, கிராம சபையில் வைத்து 64,006 குடும்பங்களைப் பட்டியலிட்டார்கள். எனக்குப் பிடித்தது பட்டியல் இல்லை, அதற்கு அடுத்த படி. ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனியாக ஒரு நுண்திட்டம் எழுதினார்கள். உடனே செய்ய வேண்டியது எது, கொஞ்ச நாளில் முடிப்பது எது, வீடு மாதிரி நாள் பிடிக்கும் வேலை எது என்று பிரித்தார்கள். பொறுப்பு உள்ளாட்சியிடம், துணைக்குக் குடும்பஸ்ரீ என்ற கேரளப் பெண்கள் சுயஉதவிக் குழு அமைப்பு. மற்ற துறைகள் அந்தத் தாளில் எழுதியிருப்பதைச் செய்து கொடுக்க வேண்டும். ரேஷன் கார்டு, ஆதார் போன்ற அடிப்படை ஆவணங்களே இல்லாதவர்களுக்கு முதலில் அவற்றை எடுத்துக் கொடுத்தார்கள். 21,263 பேருக்கு அப்படிக் கிடைத்தன. என் மூன்று மாதப் பாடத்தை அவர்கள் முதலிலேயே படித்துவிட்டார்கள்.

2025 நவம்பர் 1-ம் தேதி, அதிதீவிர வறுமை இல்லாத மாநிலம் என்று அறிவித்தார்கள். இதை அப்படியே கைதட்டி ஏற்க வேண்டியதில்லை. கணக்கெடுத்த முறையை வெளியிடச் சொல்லிப் பொருளாதார அறிஞர்கள் கேட்டார்கள். ஆதிவாசி அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தன. என்னை நிறுத்தியது வேறொரு எண். பட்டியலில் இருந்தவர்களில் 4,421 பேர், தனியாளாக வாழ்ந்தவர்கள், திட்டம் முடிவதற்குள் இறந்துபோனார்கள். அதிதீவிர வறுமை என்றால் என்ன என்று யாராவது கேட்டால் இந்த எண்ணைத்தான் சொல்வேன். கையில் சாப்பாட்டுத் தட்டு வந்து சேரும்போது ஆள் இருப்பதில்லை.

தமிழ்நாட்டுக்கு இந்த வழி புதிதில்லை. 2005 வாக்கில் வாழ்ந்து காட்டுவோம் திட்டத்தில் மக்கள் நிலை ஆய்வு என்று நடந்தது. ஊர் நடுவில் தரையில் வரைபடம் போட்டு, எந்த வீடு மிகவும் ஏழை என்று ஊர்க்காரர்களே சொன்னார்கள். 2024-25 பட்ஜெட்டில் தாயுமானவர் என்ற பெயரில், இரண்டு ஆண்டுகளில் சுமார் 5 லட்சம் மிக ஏழைக் குடும்பங்களை மீட்பதாக அறிவிப்பு வந்தது. அடுத்த வருடம் ஆகஸ்டில் அதே பெயரில், முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே ரேஷன் கொண்டுபோய்க் கொடுக்கும் திட்டம் தொடங்கியது. அது நல்ல திட்டம், ஆனால் பெயரைக் கேட்டால் எங்களுக்கே குழப்பம்.

இந்தத் துறைக்கு வெளியே இருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று. உங்கள் தெருவில் அப்படி ஒரு வீடு இருந்தால், மனு எழுதிக் கொடுப்பதைவிடக் கூடப் போங்கள். இறப்பை 21 நாளுக்குள் பதியச் சொல்லுங்கள். ஓராண்டு தாண்டினால் கோட்டாட்சியர் ஆணை வரை போக வேண்டியிருக்கும். திங்கட்கிழமை குறைதீர் நாளில் ஆட்சியரிடம் போவதாக இருந்தால், ஆறு துறைக்கும் ஆறு மனு வேண்டாம். குடும்பத்தின் முழு நிலையையும் ஒரே தாளில் எழுதி, கீழே எந்தத் துறையிடம் என்ன வேண்டும் என்று குறிப்பிடுங்கள். நாங்கள் அப்படிச் செய்ய ஆரம்பித்த பிறகு, எல்லாத் துறைக்காரர்களும் ஒரே கூடத்தில் உட்கார்ந்திருக்கும் அந்த ஒரு நாளிலேயே இரண்டு, மூன்று வேலை நகர்ந்துவிடுகிறது.

அந்தப் பெண்ணுக்கு உதவித்தொகை வந்துவிட்டது. மகளின் விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறது. மாமியாருக்கு உடல் பாதிப்பு 75 சதவீதத்துக்கு மேல் என்று சான்று கிடைத்தால் பராமரிப்புத் தொகை மாதம் 2,000 ரூபாய்க்குக் கேட்கலாம், ஆனால் மருத்துவக் குழு முன்னால் அவரைக் கொண்டுபோக வேண்டும். போன தடவை ஆட்டோ வைத்துத் தூக்கிப் போனோம், மருத்துவர் அன்றைக்கு விடுப்பு. வரும் புதன்கிழமை மறுபடியும் போகிறோம். இந்த முறை கிளம்புவதற்கு முன்னால் போன் போட்டுக் கேட்டுவிடுவேன்.