பட்டா இருந்தால் பரிசல் விடலாமா?

காவிரிக் கரையோர ஊர்களிலிருந்து என்னைப் பார்க்க வருபவர்கள் பெரும்பாலும் இந்த வழக்கோடுதான் வருகிறார்கள். "பரிசல் தொறைக்குப் போற வழி என் பட்டாவுலதாங்க இருக்கு. பரிசல் விட ஏலம் எடுத்தவன் எனக்குத்தானே பணம் கட்டணும்?" என்பார் நிலக்காரர். "முறையா ஏலம் எடுத்திருக்கேன், கரையும் எனக்குத்தான்" என்பார் குத்தகைதாரர். சட்டத்தின் முன் இரண்டு பேச்சும் நிற்காது.

நிலம் வேறு, துறை வேறு. காசு வாங்கிக்கொண்டு ஆட்களை அக்கரை சேர்க்கும் உரிமை பட்டாவோடு ஒட்டி வருவதில்லை. பொது ஓடத்துறைகளுக்கென்று 1890-ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. நம் பக்கம் பெரும்பாலும் ஊராட்சியோ ஊராட்சி ஒன்றியமோ ஏலம் விடுகிறது. இரு கரையிலும் ஒரு சென்ட் நிலம்கூட இல்லாதவரும் ஏலம் எடுக்கலாம். ஆனால் ஏலத்தில் கிடைப்பது ஓட்டும் உரிமையும் வசூல் உரிமையும்தான். பக்கத்துப் பட்டா நிலத்தில் கொட்டகை போட்டு டீக்கடை வைக்கும் உரிமை அதில் அடங்காது.

சரி, ஆறு யாருடையது? 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின் 2-ஆம் பிரிவுப்படி ஆற்றின் அடிநிலமும் ஓடும் நீரும் பொதுவாக அரசின் சொத்து. அந்தப் பிரிவின் பிற்பகுதியைத்தான் பலர் படிப்பதில்லை, அதிகாரிகள் உட்பட. பொதுமக்களின் வழி உரிமைக்கும் வழக்காற்று உரிமைக்கும் உட்பட்டே அந்தச் சொத்துரிமை என்கிறது அது. தலைமுறை தலைமுறையாக ஊர் நடந்த துறைவழியை, அரசு நிலம் என்ற ஒரே காரணத்தைச் சொல்லி வேலி போட்டு அடைத்துவிட முடியாது. வழி தனியார் பட்டாவுக்குள் போனால், 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டப்படி (அடுத்தவர் நிலத்தை வழி போன்ற தேவைக்குப் பயன்படுத்தும் உரிமை பற்றியது) 20 ஆண்டுகள் தடையின்றி, உரிமையாக நடந்ததற்குச் சாட்சியம் வேண்டும். அனுமதி கேட்டு நடந்திருந்தால் அது கணக்கில் வராது.

அடுத்த தலைவலி வண்டல். வெள்ளம் ஒதுக்கிய மேட்டில் கரும்பு போட்டுவிட்டு, "இத்தனை வருசமா வரி கட்டுறேன்" என்று ஒரு கட்டு ரசீதை மேசையில் வைப்பார்கள். பிரித்துப் பார்த்தால் அத்தனையும் பி-மெமோ! அது நிலவரி ரசீது அல்ல, ஆக்கிரமிப்புக்குப் போட்ட தண்டத்தீர்வை. உரிமைக்குச் சான்று என்று நினைத்து அவர் பத்திரப்படுத்தியது, 'நான் ஆக்கிரமிப்பாளர்' என்று அவரே ஒப்புக்கொண்டதற்கான சான்றாகிவிடும். அனுபவ பாத்தியம், அதாவது அடுத்தவர் நிலத்தை நெடுநாள் அனுபவித்ததால் வரும் உரிமை, கேட்கலாமே என்பார்கள். தனியாருக்கு எதிரான 12 ஆண்டுக் கணக்கு அரசு நிலத்துக்குப் பொருந்தாது, அங்கே 30 ஆண்டுகள். அதையும் நீதிமன்றங்கள் எளிதில் ஏற்பதில்லை.

ஆகவே வழக்குப் போடும் முன் அ-பதிவேட்டின் (எந்தப் புல எண் என்ன வகை நிலம், யாருடையது என்று சொல்லும் வருவாய்த்துறைப் பதிவேடு) நகலும், எல்லை அளவுகள் குறித்த புலப்படமும் வாங்கி, சர்வேயரை வைத்து எல்லைக்கல்லைக் கண்டுபிடியுங்கள். கல்லுக்கு அந்தப் பக்கம் 'ஆற்றுப் புறம்போக்கு' என்று இருந்தால், சண்டையில் பாதி அங்கேயே முடிந்துவிடும்.

ஏலம் எடுப்பவர்கள் நிபந்தனைத் தாளைக் கையெழுத்துக்கு முன்பே படிக்க வேண்டும். மேட்டூரில் உபரிநீர் திறந்தால் பரிசலுக்குத் தடை வரும். தடைநாட்களுக்குக் குத்தகைத் தொகை கழியுமா, கழியாதா? அந்தத் தாளில் எழுதியிருப்பதைத்தான் நீதிமன்றம் முதலில் கேட்கும்.