கண்ணாடி அடுப்பு சூட்டுக்கு வெடிக்காது, சீனிப் பாணிக்குத்தான் கவனம்

யாழ்ப்பாணத்தில இப்ப புதுசா கட்டுற வீட்டுக் குசினியள்ள கறுப்புக் கண்ணாடி மாதிரி மினுங்குற கறண்ட் அடுப்பு வரத் தொடங்கீட்டுது. பாக்கிற ஆக்கள் கேக்கிற முதல் கேள்வி ஒண்டுதான், உது சூட்டுக்கு வெடிச்சிடாதோ? வெடிக்காது. சூட்டுக்கெண்டே செய்த தட்டு அது. அதைப் பழுதாக்கிறது சீனியும் மணலும்தான்.

சாதாரண கிளாசுக்குள்ள கொதிதண்ணி ஊத்தினா உள்பக்கம் சூட்டில விரியும், வெளிப்பக்கம் விரியாம நிக்கும், அந்த இழுபறியிலதான் வெடிக்குது. இந்தத் தட்டு வெறும் கண்ணாடி இல்லை. லிதியமும் அலுமினியமும் சிலிக்காவும் சேந்த கண்ணாடியை வார்த்து, பிறகு கணக்கா திரும்பவும் சூடாக்கி, உள்ளுக்க கண்ணுக்குத் தெரியாத பளிங்குகளை வளர்க்கினம். சூடாக்க அந்தப் பளிங்கு கொஞ்சம் சுருங்கும், மிச்சக் கண்ணாடி விரியும், ரெண்டும் சரிக்குச் சரியாப் போக மொத்தத் தட்டு கிட்டத்தட்ட விரியாமலே கிடக்கும். 1953 இல அமெரிக்காவில கோர்னிங் கம்பெனியில ஸ்டூக்கி எண்ட விஞ்ஞானி ஒரு கண்ணாடித் துண்டைச் சூளையில வைக்க, சூளை பழுதாகி 600 பாகைக்குப் பதிலா 900 பாகைக்குப் போட்டுது. எடுக்கேக்க கை தவறி நிலத்தில விழுந்தும் அது உடையேல்லை. இந்தச் சாமானே அப்பிடித்தான் பிறந்தது! பெரிய தொலைநோக்கிக் கண்ணாடியளுக்கும் இதே இனத்துச் சாமானைத்தான் பாவிக்கினம்.

தட்டுக்குக் கீழ சுருள் கம்பி சிவப்பாப் பழுக்கும், அந்த வெக்கை தட்டை ஊடுருவி நேர சட்டியில படும். பக்கவாட்டில வெக்கை பரவுறது குறைவு, அதாலதான் வட்டத்துக்கு வெளியில அவ்வளவு சுடாது. சமைக்கேக்க சிவப்பு விட்டு விட்டு அணைஞ்சு பத்தினா பழுதெண்டு நினைக்காதேங்கோ, சூட்டின்ர அளவை அப்பிடித்தான் அது பிடிக்குது, தட்டு அளவுக்கு மிஞ்சிச் சுட்டாலும் ஒரு சுவிட்ச் தானா நிப்பாட்டும். அடி நெளிஞ்ச சட்டி வச்சா வெக்கை சட்டிக்குப் போகாம தட்டிலயே தங்கி, அந்த சுவிட்ச் அடிக்கடி நிப்பாட்ட, சோறு வேக நேரம் போகும், கறண்டும் வீண். தட்டையான அடியுள்ள ஏதனம்தான் சரி, குழிஞ்ச தாச்சி சரிவராது.

இனி சீனி. பனங்கட்டிப் பாணியோ சர்க்கரைப் புக்கையோ பொங்கி சூடான தட்டில வழிஞ்சா, உருகின சீனி கண்ணாடியோட இறுக ஒட்டிப்போடும். பிறகு ஆறேக்க சீனி சுருங்கும், தட்டு சுருங்காது. ஒட்டினது விடாம இழுக்க, தட்டில இருந்து சின்னச் சின்னச் செதிலாப் பேர்த்துக்கொண்டு வரும், அந்தக் குழியளை ஒருத்தராலும் திருத்தேலாது. அதால ஆற விடவே கூடாது, சூட்டைக் குறைச்சு, தடிச்ச துணிக் கையுறை போட்டு, பிளேட் பூட்டின சுரண்டியால சாய்ச்சுப் பிடிச்சு உடன சுரண்டுங்கோ. பிளாஸ்டிக் உருகினாலும் இதே வேலைதான். பொங்கல் பானையைப் பழையபடி முத்தத்திலயே வையுங்கோ, பொங்கி வழியத்தானே பொங்கிறது.

மண்சட்டியின்ர அடி கரடுமுரடு, இழுத்தா கீறும், தூக்கி வையுங்கோ. சட்டி அடியில ஒட்டின ஒரு மணல் காணும் நீட்டாக் கோடு போட. இரும்பு நார், சாம்பல் ரெண்டும் வேண்டாம்.

எங்கட கிணத்துத் தண்ணி சுண்ணாம்புக் கல்லுக்கால ஊறி வாறது, அது காய வெள்ளை வெள்ளையாப் படியும். ஆறின தட்டில வினாகிரி நனைச்ச துணியைக் கொஞ்ச நேரம் போட்டுத் துடைச்சா போயிடும், தேசிக்காய்ப் புளியும் சரிவரும். அலுமினியச் சட்டி விடுற சாம்பல் நிறக் கோட்டுக்கு இந்த அடுப்புக்கெண்டே விக்கிற கிறீம்தான் நல்லது.

அடுப்புக்கு மேல இருக்கிற அலுமாரியில இருந்து ஒரு போத்தல் கூராப்பட்டு விழுந்தா மட்டும் இந்தத் தட்டும் வெடிக்கும். மயிர் அளவு வெடிப்புத் தெரிஞ்சாலும் மெயின் சுவிட்சை நிப்பாட்டுங்கோ, தண்ணி அதுக்குள்ளால இறங்கினா கறண்ட் அடிக்கும், தட்டை மாத்தும் வரைக்கும் அதில சமைக்க வேண்டாம்.