முடிதிருத்தும் தொழில் படிக்க அகாடமியில் பணம் கட்டும் முன்

ஊருக்கு ஊர் சலூன் அகாடமி போர்டு தொங்குகிறது. ஐம்பதாயிரம் கேட்கிறார்கள், லட்சமும் கேட்கிறார்கள், அதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, கத்தரி, ட்ரிம்மர் செட்டுக்குத் தனிக் காசு. நகையை அடகு வைத்துக் கட்டிவிட்டு, இதே தொழிலை அரசு செலவில் படித்திருக்கலாம் என்று பிறகு தெரிந்து நொந்துபோனவர்கள் நிறைய.

முதலில், பி.எம். விஸ்வகர்மா திட்டம் புதிதாகக் கற்பவருக்கானது என்ற குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். 2023இல் வந்த மத்திய அரசுத் திட்டம். 18 தொழில்களில் முடிதிருத்துவதும் ஒன்று. பயிற்சி நாளுக்கு 500 ரூபாய், கருவி வாங்க 15,000, பிறகு 5 சதவீத வட்டியில் கடன். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் இது ஏற்கெனவே கத்தரி பிடிப்பவருக்கு. அதில் தரும் ஒரு வாரப் பயிற்சியில் யாருக்கும் முடிவெட்ட வராது. குடும்பத்தில் ஒருவருக்குத்தான் கிடைக்கும், வீட்டில் யாராவது அரசு வேலையில் இருந்தால் அதுவும் இல்லை. தமிழ்நாடு அரசு இதை இப்படியே ஏற்க முடியாது என்று 2024இலேயே சொல்லிவிட்டது, அதனால் இங்கே பதிவு செய்தவர்களின் மனு பஞ்சாயத்துச் சரிபார்ப்பிலேயே கிடந்தது. பதிவுக்குக் கட்டணம் கிடையாது. "வாங்கித் தருகிறேன்" என்று காசு கேட்பவன் புரோக்கர், அவ்வளவுதான்.

மாநில அரசு 2025இல் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டத்தில் 3 லட்சம் வரை கடன், 25 சதவீத மானியம், அதுவும் 50,000 வரைதான். சரி, 22 வயதுப் பையன் மாவட்டத் தொழில் மையத்துக்குப் போனால்? 35 வயது ஆகட்டும் என்று திருப்பி அனுப்புவார்கள். கற்க வருபவன் இரண்டுக்கும் நடுவே விழுகிறான்.

அவனுக்கான கதவு வேறு. மாவட்டந்தோறும் வங்கிகள் நடத்தும் கிராமப்புற சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையம், ஆர்செட்டி என்பார்கள். பயிற்சி, சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் இலவசம். கிராமத்து முகவரி வேண்டும். இங்கே ஒரு சிக்கல். பியூட்டி பார்லர் வகுப்புக்குப் பெண்கள் கூட்டமாக வருகிறார்கள், அது அடிக்கடி நடக்கும். ஆண்கள் சலூன் வகுப்புக்கு ஆள் சேர்ந்தால்தான் தொடங்குவார்கள், போன் செய்தால் "பார்லர் கோர்ஸ் லேடீஸுக்குத்தான் தம்பி" என்று வைத்துவிடுவார்கள். ஆண்கள் சலூன் பயிற்சி என்று பெயர் சொல்லியே கேளுங்கள். நண்பர்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து எழுத்தில் மனு கொடுத்து, ரசீது வாங்குங்கள். பட்டியல் சாதி, பழங்குடி இளைஞர்கள் அவர்களுக்கான அரசுக் கழகமான தாட்கோவிலும் கேட்டுப் பார்க்கலாம். ஒரு வருஷம் ஒதுக்க முடிந்தால் அரசு ஐடிஐயில் காஸ்மெட்டாலஜி (அழகுக்கலை) படிப்பு இருக்கிறதா பாருங்கள், கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் அவர்களே தருவார்கள்.

இத்தனைக்கும் பிறகு தனியார்தான் என்றால், கட்டும் முன் ஒருநாள் வகுப்பில் உட்காருங்கள். யார் படிக்கிறார்கள் என்று பாருங்கள். கடை வைத்திருப்பவர்கள் ஃபேடு (பக்கவாட்டு முடியைப் படிப்படியாகக் குறைக்கும் ஸ்டைல்) கற்க வந்த வகுப்பில் கத்தரியே பிடிக்காதவனைச் சேர்த்தால் அவன் பெருக்கிக்கொண்டுதான் இருப்பான். நிஜத் தலையில் எத்தனை வெட்டு, பொம்மைத் தலையில் எத்தனை என்று கேளுங்கள். சுவரில் மாட்டிய ஐஎஸ்ஓ சான்றிதழ் உங்களுக்கு ஒன்றுக்கும் உதவாது. நம் நாட்டில் முடிவெட்டுவதற்கென்று தனி லைசென்ஸே கிடையாது, கடைக்கு உள்ளாட்சி உரிமம் போதும், ஆகவே "சான்றிதழ் இல்லாமல் கடை போட முடியாது" என்பது பொய்.

கடைசியாகக் கடன். பயிற்சி முடித்தால் வங்கி தானாகக் கொடுத்துவிடாது. மேனேஜர் அடமானம் கேட்டால், குறு, சிறு தொழிலுக்கு 20 லட்சம் வரை அடமானம் கேட்கக் கூடாது என்ற ரிசர்வ் வங்கி விதியைச் சொல்லுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தரச் சொல்லுங்கள். எழுதித் தரச் சொன்னதுமே பல மேனேஜர்கள் ஃபைலை மறுபடி எடுத்துப் பார்ப்பார்கள்.